பிள்ளையின் நபகா: தொகை எங்கிருந்து வருகிறது?

கணக்கில் நாம் லேசுப்பட்ட சமூகம் அல்ல. ஒருவர் மௌத்தானால் அவர் விட்டுப்போன வீட்டையும் வளவையும் எட்டில் ஒன்று, ஆறில் ஒன்று, மூன்றில் இரண்டு என்று பிரித்துச் சொல்ல ஊரில் ஒரு மௌலவியாவது இருப்பார். ரமழான் வந்தால் கடைச் சரக்கு, கையிருப்பு, வரவேண்டிய கடன் என்று வரிசையாக எழுதி நூற்றுக்கு இரண்டரை காண்கிறோம். ஸகாத்துல் பித்ருக்கு ஒரு ஸாஉ அரிசி எத்தனை கிலோ என்பதை வருடா வருடம் விவாதிக்கவும் செய்கிறோம். இதில் தவறேதும் இல்லை. கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பது மார்க்கத்தின் மீதுள்ள பேணுதல்.

ஆனால் உம்மாவும் வாப்பாவும் பிரிந்துபோன ஒரு பிள்ளைக்கு மாதம் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கேள்வி வந்ததும் இந்தக் கணக்கறிவு முழுவதும் எங்கேயோ போய் ஒளிந்துகொள்கிறது. “ஏதோ ஒரு தொகையப் போடுங்க” என்ற பேச்சுத்தான் மிஞ்சுகிறது. ஒருவர் ஐயாயிரம் என்பார், மற்றவர் மூவாயிரம் என்பார், நடுவில் இருப்பவர் நாலாயிரம் என்பார். பிள்ளையின் பசிக்கும் அந்த நாலாயிரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கட்டுரை அந்தத் தொகையைப் பற்றியது. காதி நீதிமன்றம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்குள் நான் இங்கே போகவில்லை. அந்த நீதிமன்றத்தில் இருந்து வரும் கட்டளையில் எழுதப்படும் இலக்கம் எங்கிருந்து வருகிறது, அது நம் பிக்ஹு சொல்லும் இடத்திலிருந்து வருகிறதா என்பதே என் கேள்வி.

சொற்கள் சொல்வது

தமிழ் படித்தவள் என்பதால் சொற்களில் இருந்து தொடங்குகிறேன். நம் நாட்டுச் சட்டத் தமிழில் இதற்குத் ‘தாபரிப்பு’ என்று பெயர். தாபரித்தல் என்றால் தாங்குதல், ஆதரித்துக் காத்தல். இந்தியத் தமிழில் ‘ஜீவனாம்சம்’ என்பார்கள். பிழைப்புக்கான பங்கு என்பது அதன் பொருள். நாம் வீட்டில் சொல்வது ‘நபகா’. அதை ‘செலவு’ என்று மொழிபெயர்த்தும் பேசுகிறோம்: “பிள்ளைக்குச் செலவு குடுக்கிறாரா?” பழந்தமிழில் செலவு என்றால் போதல், பிரிந்து செல்லுதல். தலைவன் பொருள் தேடிப் போக நினைத்து, பிறகு போகாமல் தங்கிவிடுவதைச் ‘செலவழுங்கல்’ என்று இலக்கணகாரர் தனித் துறையாகவே வகுத்தார்கள். இன்று செலவு என்பது காசு. தகப்பன் போய்விட்ட வீட்டில் அந்தப் பழைய செலவும் இந்தப் புதிய செலவும் ஒன்றாக வந்து நிற்கின்றன.

அல்குர்ஆன் இந்த விஷயத்தில் இரண்டு அளவுகோல்களைத் தருகிறது. அல்பகரா 233 ஆம் வசனம் பாலூட்டும் தாயின் உணவையும் உடையையும் பிள்ளையின் தகப்பன் மீது ‘மஃரூஃப்’ என்ற முறையில் சுமத்துகிறது; சக்திக்கு மீறி எவரும் சுமத்தப்படமாட்டார், பிள்ளையை வைத்துத் தாயும் துன்புறுத்தப்படக் கூடாது, தகப்பனும் துன்புறுத்தப்படக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. அத்தலாக் 7 ஆம் வசனம் வசதியுள்ளவர் வசதிக்கேற்பவும், நெருக்கடியில் இருப்பவர் அல்லாஹ் கொடுத்ததில் இருந்தும் செலவிட வேண்டும் என்கிறது. அபூஸுஃப்யானின் மனைவி ஹிந்த் (ரழி) கணவர் போதியளவு தருவதில்லை என்று முறையிட்டபோது, அவளுக்கும் பிள்ளைக்கும் போதுமானதை மஃரூஃபான முறையில் எடுத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

மஃரூஃப் என்றால் அறியப்பட்டது. அந்த ஊரில், அந்தக் காலத்தில், நாலுபேர் நியாயம் என்று அறிந்தது. அப்படியென்றால் அது காலத்துக்குக் காலம், இடத்துக்கு இடம் மாறும். மாறுவதை யாராவது உட்கார்ந்து கணக்கெடுக்கத்தான் வேண்டும். கணக்கெடுக்காத மஃரூஃப் வெறும் வாய்ச்சொல்.

இமாம் நவவி கணக்குப் பார்த்த விதம்

இலங்கையில் நம்மில் பெரும்பாலோர் ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் 98 ஆம் பிரிவும் தரப்பினர் எந்த மத்ஹபைச் சேர்ந்தவர்களோ அந்தச் சட்டப்படியே உரிமைகளும் கடமைகளும் தீர்மானிக்கப்பட வேண்டும் என்கிறது. ஆகவே ஷாபிஈ பிக்ஹின் அடிப்படை நூல்களில் ஒன்றான இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ என்ன சொல்கிறது என்று பார்ப்பது நியாயம்.

மனைவியின் நபகாவுக்கு அங்கே அளவு குறிக்கப்பட்டிருக்கிறது. வசதியுள்ளவர் நாளொன்றுக்கு இரண்டு முத்துத் தானியம், ஏழை ஒரு முத்து, நடுத்தரமானவர் ஒன்றரை முத்து. முத்து என்பது நடுத்தர மனிதர் இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. அதோடு விடவில்லை. ஒரு முத்தின் எடை 173⅓ திர்ஹம் என்ற இமாம் ராபிஈ (ரஹ்) அவர்களின் கணக்கை எடுத்துச் சொல்லிவிட்டு, 171 3/7 என்பதே மிகச் சரி என்று இமாம் நவவி திருத்துகிறார். ஏழில் மூன்று பங்கு திர்ஹம். ஒரு பெண்ணின் ஒருநாள் உணவில் அந்தளவு கூடக் குறையவோ கூடவோ விடக்கூடாது என்று நினைத்த மனிதர்களின் வழியில் வந்தவர்கள் நாம்.

பிள்ளையின் நபகாவுக்கு இப்படி ஒரு நிலையான அளவு இல்லை. அதற்கு விதி ‘கிஃபாயா’, போதுமானது. பால்குடிப் பிள்ளைக்குப் போதுமானது வேறு, பதினாலு வயதுப் பையனுக்குப் போதுமானது வேறு. அளவு குறிக்கவில்லை என்பதற்காக அதைக் கணக்கில்லாத விஷயம் என்று எடுத்துக்கொண்டதுதான் நம் பிழை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும் என்பதே அதன் கருத்து.

அந்த நூலில் இருந்தே இன்னும் நாலு விதிகளைச் சொல்லலாம். ஒன்று, அன்றைய நாளுக்குத் தனக்கும் தன் குடும்பத்துக்குமான உணவு போக மிஞ்சுவது இருந்தால் நபகா கடமையாகும். இரண்டு, கடனை அடைக்க எவற்றை விற்க வேண்டுமோ அவற்றை இதற்காகவும் விற்க வேண்டும். மூன்று, உழைக்கக்கூடியவர் இதற்காக உழைத்தே ஆக வேண்டும் என்பது வலுவான கருத்து. “எனக்கு இப்ப தொழில் இல்ல” என்பது முடிந்த பதில் அல்ல. நான்கு, தாயும் தகப்பனும் இருக்கும்போது பொறுப்பு தகப்பனுடையது.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மனைவிக்குக் கொடுக்கத் தவறிய நபகா கணவர் மீது கடனாக நிற்கும். பிள்ளைக்குக் கொடுக்கத் தவறியது அப்படி நிற்காது. நாள் கடந்தால் அது விழுந்துவிடும். காதி கட்டளையிட்டிருந்தால், அல்லது தகப்பன் இல்லாதபோதோ மறுத்தபோதோ கடன்வாங்கிச் செலவிடக் காதி அனுமதித்திருந்தால் மட்டுமே அது கடனாகும்.

இதன் பாரத்தை நாம் உணர்ந்திருக்கிறோமா என்று எனக்குச் சந்தேகம். காதி தவணை போடும் ஒவ்வொரு மாதமும், கட்டளை இல்லாத ஒவ்வொரு மாதமும், அந்தப் பிள்ளையின் உரிமை கேட்பாரில்லாமல் கரைந்துபோகும் அபாயத்தில் இருக்கிறது. “ரெண்டு தவணை பொறுங்க, பேசிப் பார்ப்போம்” என்பது வெறும் தாமதம் அல்ல. ஷாபிஈ மத்ஹபில் அது பிள்ளைக்கு நட்டம்.

கட்டளையில் இருப்பதும் இல்லாததும்

1951 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47 ஆம் பிரிவு தாபரிப்புக் கோரிக்கைகளை விசாரிக்கவும், ஏற்கெனவே விதித்த தொகையைக் கூட்டவும் குறைக்கவும் காதிக்கு அதிகாரம் தருகிறது. 48 ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைக் காதிக்கு மட்டுமே உரியதாக்குகிறது. வேறு நீதிமன்றம் அதை விசாரிக்க முடியாது. 74 ஆம் பிரிவின்படி காதி முன்னால் சட்டத்தரணி தோன்ற முடியாது. எளிய மனிதர்கள் செலவில்லாமல் நீதி பெறட்டும் என்பது இதன் நல்ல நோக்கம். ஆனால் தொகையை எப்படிக் காண்பது என்பதற்கு அந்தச் சட்டத்தில் சூத்திரமும் இல்லை, படிவமும் இல்லை. சட்டத்தரணியும் இல்லை, கணக்கும் இல்லை என்றால் மிஞ்சுவது யாருக்கு வாய் பெரிது என்பதுதான்.

பாடசாலையில் தமிழ் படிப்பிப்பதால் மனு எழுதித் தரச் சொல்லி உம்மாமார் என்னிடம் வருவதுண்டு. ஒருமுறை ஒரு பிள்ளையின் தாய்க்கு எழுதிக்கொண்டிருந்தேன். தொகை எழுத வேண்டிய இடம் வந்ததும் அவள் என் கையைப் பிடித்தாள். “டீச்சர், தொகைய எழுத வாணாம். கூடக் கேட்டா அவருக்குக் கோவம் வந்து உள்ளதும் இல்லாமப் பெய்த்திடும். அவங்களே பாத்துப் போட்டுத் தரட்டும்.” பிள்ளைக்கு மாதம் என்ன செலவு என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அரிசி, பால்மா, கொப்பி, சப்பாத்து, டியூஷன், பஸ் என்று சதம் பிசகாமல் சொல்லக்கூடியவள் அவள். வீட்டுக் கணக்கு முழுவதும் தெரிந்தவள் அந்தக் கணக்கைச் சொல்லப் பயப்படும் ஓர் இடத்தில், வீட்டுக் கணக்குத் தெரியாதவர்கள் தொகையைத் தீர்மானிக்கிறார்கள்.

நான் பார்க்க நேர்ந்த கட்டளைகளில் காரணம் என்று ஒரு வரியும் இருந்ததில்லை. இன்ன பிள்ளைக்கு மாதம் இன்ன ரூபா, இன்ன திகதியில் இருந்து. அவ்வளவுதான். தகப்பனின் வருமானம் என்னவென்று கண்டார்கள், பிள்ளையின் தேவை என்னவென்று கண்டார்கள் என்பது இல்லை. காரணம் இல்லாத கட்டளைக்கு மேன்முறையீடு செய்வதும் லேசில்லை. எது பிழை என்று சொல்வது? மேன்முறையீட்டைக் கேட்கும் காதிகள் சபையோ கொழும்பில் கூடுகிறது. மடூல்சீமையில் இருந்து கொழும்புக்குப் போகிற தாயை நான் இன்னும் காணவில்லை.

காதிமார் எல்லோரும் அநியாயக்காரர் என்று நான் சொல்லவில்லை. சொற்பப் படியை வாங்கிக்கொண்டு, முறையான நீதிமன்றக் கட்டிடமோ போதிய எழுதுவினைஞரோ இல்லாமல், தொழிலுக்கும் குடும்பத்துக்கும் நடுவில் இந்த அமானிதத்தைச் சுமக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் ஓர் அளவுகோலை நாம் கொடுக்கவில்லை என்பதே என் குறை.

179 ரூபாய் 20 காசு

இது நம் நாட்டில் மட்டும் உள்ள குறை அல்ல. இந்தியாவின் ஷா பானு வழக்கை அறியாத முஸ்லிம் வாசகர் இருக்க மாட்டார். அது மனைவியின் ஜீவனாம்சம் பற்றியது, பிள்ளையினது அல்ல. என்றாலும் நமக்கு அதில் பாடம் உண்டு. இந்தூரில் வழக்கறிஞராக இருந்த கணவரின் வருமானம் வருடத்துக்கு ஏறக்குறைய 60,000 ரூபாய் என்று சொல்லி, மாதம் 500 ரூபாய் கேட்டார் அந்த முதியவர். 1979 இல் மஜிஸ்திரேட் விதித்தது மாதம் 25 ரூபாய். 1980 இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. 1985 இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது.

பிறகு நடந்தது தெரியும். ஷரீஆவா, பொதுச் சட்டமா என்று ஒரு துணைக்கண்டமே வாதிட்டது. 1986 இல் தனிச் சட்டம் வந்தது. புத்தகங்கள் வந்தன, ஊர்வலங்கள் போயின. இவ்வளவுக்கும் நடுவில் அந்த 179 ரூபாய் 20 காசு எந்தக் கணக்கில் வந்தது, அது ஒருவருக்குப் போதுமா என்று கேட்ட குரல்கள் எத்தனை? எந்தச் சட்டம் என்ற சண்டையில் எவ்வளவு என்ற கேள்வி தொலைந்துபோனது.

நம் நாட்டிலும் அதுதான் நடந்தது. 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைக்கப்பட்டு, 2018 ஜனவரியில் அறிக்கை கையளிக்கப்பட்டது. ஒன்பது வருடங்கள். குழுவே இரண்டாகப் பிரிந்து இரண்டு நிலைப்பாடுகளைச் சொன்னது. 2021 இல் காதி முறையை நீக்குவது பற்றி அமைச்சரவை முடிவெடுத்தது என்றதும் மீண்டும் கொந்தளிப்பு. திருமண வயது, பலதார மணம், வலீயின் சம்மதம், பெண் காதி ஆகியவை பேசப்பட்டன. பேசப்பட வேண்டியவைதான். பெண்களின் அனுபவங்களைத் திரட்டி 2016 இல் ஹைஷாமா ஹாமினும் ஹஸனா சேகு இஸ்ஸதீனும் வெளியிட்ட ஆய்வு போன்றவை காதி நீதிமன்ற நடைமுறையின் குறைகளையும் காட்டின. ஆனால் மிம்பரிலும் மேடையிலும் நடந்த வாதத்தில் பிள்ளையின் நபகாக் கணக்கு ஒரு தலைப்பாக வந்ததை நான் கேட்கவில்லை. சட்டத்தை மாற்ற வேண்டும் என்பவர்களும் மாற்றக் கூடாது என்பவர்களும் சண்டையில்லாமல் ஒத்துப்போகக்கூடிய ஒரே விஷயம் இதுவாகத்தான் இருந்திருக்கும். ஒருவேளை சண்டை இல்லாததால்தான் யாரும் எடுக்கவில்லையோ தெரியாது.

ஒரே லயம், இரண்டு வாசல்

ஊவாவின் நிலைமையை வைத்து இதை இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். பஸ்ஸறை, லுணுகலை, ஹாலிஎல, வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை என்று இங்கே முஸ்லிம்கள் பெரும்பாலும் கடைத்தெரு மனிதர்கள். நம்மைச் சுற்றி இருப்பவை தோட்டங்கள். தோட்டத்தில் பிறந்து, இஸ்லாத்தைத் தழுவி, கடைத்தெருவில் வாழ்க்கைப்பட்ட சகோதரிகள் நமக்குள் இருக்கிறார்கள். அந்த வாழ்க்கை முறியும்போது அவர்கள் பிள்ளையோடு திரும்பிப் போவது அதே லயத்துக்குத்தான்.

ஒரு லயத்தில் அக்காவும் தங்கச்சியும் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரையும் கணவன்மார் விட்டுவிட்டார்கள். அக்கா இந்து. அவள் பதுளையிலோ பண்டாரவளையிலோ நீதவான் நீதிமன்றத்துக்குப் போவாள். 1889 ஆம் ஆண்டின் பழைய கட்டளைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம் அவளுக்கு உண்டு. பெற்றோரின் வருமானத்தையும் பிள்ளையின் நிலைமையையும் கவனித்துத் தொகையைக் குறிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. பதினெட்டு வயது கடந்த பிள்ளைக்கு, தன்னைத் தானே தாபரிக்க முடியாவிட்டால், 25 வயது வரை கோர இடமிருக்கிறது. அவளுக்காகச் சட்டத்தரணி பேசலாம்.

தங்கச்சி முஸ்லிம். அவளுக்குக் காதி. சட்டத்தரணி இல்லை. எதைக் கவனித்துத் தொகை குறிக்க வேண்டும் என்று எழுத்தில் எதுவும் இல்லை. கட்டளை கிடைத்து, கணவர் கட்டாவிட்டால், காதி அத்தாட்சி கொடுக்க, நீதவான் நீதிமன்றம் அதைத் தண்டப்பணம் போல அறவிட வேண்டும். அதாவது சுற்றிச் சுற்றி அவளும் கடைசியில் அக்கா நின்ற வாசலுக்கே வருகிறாள், வருடம் பிந்தி.

நீதவான் நீதிமன்றத்தில் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் அட்டவணை கிடையாது. அங்கேயும் தவணை உண்டு. ஆனால் தங்கச்சியிடம் நாம் “உனக்கு ஷரீஆ இருக்கிறது” என்று சொல்லித்தான் இந்த வாசலுக்கு அனுப்புகிறோம். அப்படியென்றால் அக்காவுக்குக் கிடைப்பதை விடக் கூடுதலான நீதி அவளுக்குக் கிடைக்க வேண்டும். குறைவாகக் கிடைத்தால், குற்றம் ஷரீஆவின் மீது விழுகிறது. அதைச் சுமத்துகிறவர்கள் நாம்.

இலக்கங்களைப் போட்டுப் பார்த்தால்

சரி, கணக்குப் போடுவோம். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபா ஆனது. 2024 செப்டெம்பரில் 1,350 ரூபா ஆனது. அந்த 1,350 ரூபாவுக்கு ஒரு தகப்பன் மாதம் இருபது நாள் வேலை செய்கிறார் என்றால் 27,000. ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு, 2,160 போக 24,840. அட்வான்ஸும் சந்தாவும் இன்னும் கழியும்.

பிரித்தானியாவில் 2012 முதல் ஒரு விகிதக் கணக்கு இருக்கிறது. சாதாரண வருமானக்காரர் வரிக்கு முந்திய வருமானத்தில் ஒரு பிள்ளைக்கு நூற்றுக்கு 12, இரண்டு பிள்ளைகளுக்கு 16, மூன்றோ அதற்கு மேலோ என்றால் 19. பிள்ளை தகப்பனோடு வருடத்தில் 52 இரவுகளோ மேலோ தங்கினால் அதற்கும் கழிவு உண்டு. கேட்க அழகாக இருக்கிறது. நம் ஊருக்குக் கொண்டுவந்தால்? 27,000 இல் 12 வீதம் 3,240 ரூபா. நாளுக்கு 108 ரூபா. அதில் ஒரு பிள்ளை சாப்பிட்டு, உடுத்து, படிக்க வேண்டும்.

இன்னொருவர் கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்தில் இருந்து லொறிக்கணக்கில் மரக்கறி ஏற்றுகிறார். அவருக்குச் சம்பளத் துண்டு இல்லை. “மாதம் முப்பதாயிரம் மிஞ்சினாப் பெரிசு” என்கிறார். 12 வீதம் 3,600. இரண்டு தகப்பன்மாரின் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய ஒரே தொகை. சம்பளத் துண்டு உள்ள ஏழையின் வருமானம் சதம் வரை தெரியும். துண்டில்லாத வசதிக்காரரின் வருமானம் அவர் வாயில் இருக்கிறது. விகிதம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். முதலில் பிள்ளையின் கிஃபாயா, பிறகு தகப்பனின் உண்மையான சக்தி என்ற நம் பிக்ஹின் வரிசையே இங்கே பொருத்தம். தகப்பனால் உண்மையிலேயே முடியாதபோது ஷாபிஈ மத்ஹபில் பொறுப்பு தந்தையின் தந்தைக்குப் போகிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

உண்மையான சக்தியை எப்படிக் காண்பது? இந்திய உச்ச நீதிமன்றம் 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் ஒரு வழி சொன்னது. இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன், செலவு எல்லாவற்றையும் சத்தியக் கடதாசியில் எழுதித் தர வேண்டும். தொகையும் விண்ணப்பித்த நாளில் இருந்தே செல்லுபடியாக வேண்டும். அல்லாஹ்வை முன்னிறுத்திச் சத்தியம் செய்வது நமக்குப் புதிது அல்லவே.

தாயின் பக்கத்துச் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும். அந்த 1,350 ரூபாச் சம்பளக் கணக்கில் கொழுந்து பறிக்கும் ஒருத்தி ஒரு தவணைக்கு வந்தால் அன்றைய 1,350 போனது, பஸ் காசும் போனது. எட்டுத் தவணை என்றால் பேர் போடாத சம்பளம் மட்டும் 10,800 ரூபா. கடைசியில் மாதம் நாலாயிரம் கட்டளை கிடைத்தால், முதல் இரண்டரை மாதக் காசு அவள் ஏற்கெனவே இழந்தது.

விலைவாசி இன்னொன்று. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69.8 ஆக இருந்தது. முந்திய வருடம் 5,000 ரூபாவுக்கு வாங்கியதை வாங்க அப்போது ஏறக்குறைய 8,500 தேவை. ஆனால் 5,000 என்று எழுதிய கட்டளை 5,000 ஆகவே இருந்தது. கூட்டிக் கேட்கச் சட்டத்தில் இடம் உண்டுதான். அதற்கு மறுபடி மனு, மறுபடி தவணை, மறுபடி ஒரு நாட்சம்பளம்.

சில மறுப்புகள்

“அவர் மறுமணம் முடித்துவிட்டார், அங்கேயும் பிள்ளைகள்” என்பது அடிக்கடி கேட்கும் பதில். பிக்ஹில் இது லேசான கேள்வி அல்ல. எல்லோருக்கும் போதாத நிலையில் தனக்குப் பிறகு மனைவி, அதன் பிறகு நெருங்கிய உறவு என்ற வரிசை மின்ஹாஜில் இருக்கிறது. ஆனால் அது எல்லோருக்கும் போதவில்லை என்பது நிரூபணமான பிறகு வரும் வரிசை. வருமானத்தை விசாரிக்காமலேயே அந்த வரிசையைக் கையில் எடுப்பது நிபந்தனையை விட்டுவிட்டுச் சலுகையை மட்டும் எடுப்பதாகும். இரண்டாவது வீட்டுப் பிள்ளையும் முதல் வீட்டுப் பிள்ளையும் உறவில் ஒரே தூரம் என்பதையும் சொல்ல வேண்டும்.

“உம்மா வெளிநாட்டில் உழைக்கிறாளே” என்பது அடுத்தது. ஊவாவில் இருந்து மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகள் என் வகுப்பிலும் இருக்கிறார்கள், உம்மும்மாவோடு வளர்கிறார்கள். அவள் அனுப்புவது அவளுடைய உபகாரம். ஷாபிஈ சட்டப்படி அது தகப்பனின் கடமையைக் கழிக்காது. பிள்ளையின் சார்பில் கோர சட்டம் இடம் தருகிறது என்பதால் உம்மும்மாவுக்கும் வாசல் திறந்திருக்கிறது. யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

“கூடக் கேட்டால் அவர் ஒன்றும் தரமாட்டார்” என்பது மூன்றாவது. இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் நல்லெண்ணம் கொண்டவர்கள். ஆனால் தருகிறவரின் கோபத்தை அளவுகோலாக வைத்தால், அதிகம் கோபப்படுகிறவர் குறைவாகக் கொடுப்பார். அது சமாதானம் அல்ல, ஏலம்.

சட்டம் மாறும்வரை

இவற்றில் பலவற்றுக்குப் பாராளுமன்றம் வரை போகத் தேவையில்லை. இருக்கிற சட்டத்துக்குள்ளேயே செய்யலாம்.

ஒரு பக்கப் படிவம் ஒன்று வேண்டும். ஒரு பாதியில் பிள்ளையின் தேவை: உணவு, உடை, இருப்பிடம், மருந்து, படிப்பு, போக்குவரத்து. மறுபாதியில் தகப்பனின் வருமானம், சொத்து, கடன், அவரைச் சார்ந்திருப்போர். தாய் வாயால் சொல்லப் பயப்படுவதைத் தாள் சொல்லும். பாடநூலும் சீருடைத் துணியும் அரசு இலவசமாகத் தருகிறது என்பதால் படிப்புக்குச் செலவில்லை என்று நினைப்பவர்கள் அந்தப் பாதியை நிரப்பும்போது உண்மையை அறிவார்கள்.

முதல் தவணையிலேயே ஓர் இடைக்காலத் தொகை வேண்டும். பிள்ளையின் நபகா காதியின் கட்டளை இல்லாமல் கடனாக நிற்காது என்று சொல்லும் மத்ஹபில், முதல் நாளே கட்டளையிடுவது காதியின் கடமைக்கு மிக நெருக்கமானது. கட்டளையில் நாலு வரி காரணம் வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, புதிய மனு இல்லாமல், தொகையைத் திரும்பப் பார்க்கும் திகதியையும் அதிலேயே எழுத வேண்டும்.

பள்ளிவாசல்களுக்கும் இதில் வேலை உண்டு. எந்த வியாபாரி எவ்வளவு ஸகாத் கொடுக்கிறார் என்று ஊருக்குத் தெரியும். ஸகாத் கொடுக்கும் அளவுக்கு வசதியுள்ளவர் காதி முன்னால் ஏழையாக மாறும்போது அந்த ஊர் மௌனமாக இருக்கிறது. நிர்வாக சபையில் கணக்குத் தெரிந்த இருவர், அவர்களில் ஒருவராவது பெண், அந்தப் படிவத்தை நிரப்பத் தாய்மாருக்கு உதவினால் போதும். நான் தனியாக மனு எழுதத் தேவையிருக்காது. ஜும்ஆ உரையில் வருடத்தில் ஒரு வாரம் இந்த ஐந்தாவது விதியைச் சொன்னால், காத்திருப்பது நட்டம் என்பதையாவது நம் பெண்கள் அறிந்துகொள்வார்கள்.

மௌத்தானவரின் சொத்தில் ஆறில் ஒன்றைக் கண்டுபிடிக்கத் தெரிந்த நமக்கு, உயிரோடிருக்கும் தகப்பனின் பிள்ளைக்கு ஒரு மாதத்துக்குப் போதுமானதைக் கண்டுபிடிப்பது முடியாத வேலை அல்ல. ஒரு தாளும், இரண்டு பேரின் உண்மையும், கூட்டிக் கழிக்கப் பொறுமையுள்ள ஒருவரும் போதும். மாதம் பிறந்தால் கொப்பிக்குக் காசு கேட்கிற பிள்ளை அவ்வளவையே நம்மிடம் எதிர்பார்க்கிறது.